பதினைந்து வருஷம், அரியர் தனி

பட்டம் வாங்க எத்தனை வருஷம் ஆகும் என்று ஆறுமுகநேரியில் யாரைக் கேட்டாலும், “யாருக்கு வே?” என்று திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. திருநெல்வேலி – திருச்செந்தூர் ரயிலில் எந்த ஸ்டேஷனில் இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். அறுபது கிலோமீட்டர் பாதைதான். படிப்புக் காலத்துக்கான சாதனைகள் எல்லாம் இதன் ஓரத்திலேயே நடந்து முடிந்திருக்கின்றன. கின்னஸ்காரர்கள்தான் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை.

வேகத்துக்கான சாதனை குமரகுருபரருடையது. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த பிள்ளை ஐந்து வயது வரை வாய் திறக்கவில்லை என்பது கதை. பெற்றோர் தூக்கிக்கொண்டு போய்த் திருச்செந்தூர் சந்நிதியில் கிடந்தார்கள். முருகனுக்கு மனம் இரங்கியது. பையன் எழுந்தான். ‘அம்மா’, ‘அப்பா’, ‘பசிக்கு’ போன்ற பாலர் வகுப்புப் பாடங்களை எல்லாம் தாண்டி, நேராகக் கந்தர் கலிவெண்பா பாடினான். அட்மிஷன் இல்லை, அட்டெண்டன்ஸ் இல்லை, ஹால் டிக்கெட் இல்லை, எல்.கே.ஜி. வயதில் முனைவர் பட்டம். பிற்பாடு காசிக்குப் போனபோது, அங்கே ஆளுகிறவர்களிடம் பேச இந்துஸ்தானி தேவைப்பட்டது. சகலகலாவல்லி மாலை பாடிச் சரஸ்வதியை வேண்டினார். பொழுது விடிவதற்குள் மொழி வந்துவிட்டது. இந்தி படிக்கலாமா வேண்டாமா என்று தமிழ்நாட்டில் 1937-ல் தொடங்கிய சண்டை இன்னும் முடிந்தபாடில்லை. ஸ்ரீவைகுண்டத்துக்காரர் பதினேழாம் நூற்றாண்டிலேயே அந்தப் பாடத்தை ஒரே ராத்திரியில் கிளியர் செய்துவிட்டார்.

ஸ்ரீவைகுண்டத்துக்கு அடுத்து ஆழ்வார்திருநகரி. இங்கே நம்மாழ்வார் புளியமரப் பொந்தில் பதினாறு வருஷம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நடுவில் யாரும் வந்து, “மேலத்தெருப் பையன் எப்படிப் படிக்கான் பாரு” என்று நச்சரித்ததாகக் குருபரம்பரைக் கதைகளில் இல்லை. வைணவம் தழைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வடக்கே யாத்திரை போயிருந்த மதுரகவி தெற்கே ஒரு வெளிச்சத்தைக் கண்டு, நடந்தே வந்து சேர்ந்தார். வயதில் மூத்தவர், கற்றவர். ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதினாறு வயதுப் பையன் ஒரு வரியில் பதில் சொன்னான். கேட்டவர் அந்த இடத்திலேயே மாணவராகச் சேர்ந்துவிட்டார். கேள்வி கேட்க வந்த எக்ஸாமினர், பதில் சொன்னவன் காலில் விழுந்த வைவா எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். இப்போதைய வைவாக்களில் எக்ஸாமினர் காலில் யார் விழுவது, அவர் சாப்பாட்டுச் செலவு யாருடையது என்பதெல்லாம் ஊரறிந்த விஷயம்.

மூன்றாவது சாதனை இழுவைக்கு. திருச்செந்தூரை முருகனின் வீடுகளில் ஒன்றாகப் பாடிய நக்கீரர், திருவேரகத்துக்கு வந்ததும் அங்கிருந்த அந்தணர்களைப் பற்றி ஒரு தகவல் சொல்கிறார்: இளமைக் காலத்தில் 48 வருஷத்தைப் படிப்புக்கும் விரதத்துக்கும் கொடுத்தவர்கள். அதையும் நேராகச் சொல்ல மாட்டார். ஆறை நாலால் பெருக்கு, வந்ததை இரண்டு மடங்காக்கு என்கிற தினுசில் சொல்கிறார். கணக்கு வராதவனுக்கு அங்கேயே முதல் அரியர். ஒரு வேதத்துக்குப் பன்னிரண்டு வருஷம், நாலு வேதத்துக்கு நாற்பத்தெட்டு என்று அந்தக் காலத்து சிலபஸ். எட்டு வயதில் சேர்ந்தால் ஐம்பத்தாறில் வெளியே வரலாம். இன்றைய தமிழ்நாடு அரசு வேலையில் உட்கார்ந்தால் ரிட்டையராக நாலே வருஷம் பாக்கி. அதற்குள் பெண் பார்த்து, கல்யாணம் முடித்து, ஒரு இன்கிரிமெண்டும் வாங்கிவிட வேண்டும்.

இதெல்லாம் சாமி கணக்கு. ஆசாமிகள் கணக்கு எப்படி?

இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் ராஜேந்திர சோழன் காலத்தில் ஒரு கல்லூரி இருந்தது. 340 மாணவர், 14 ஆசிரியர் என்று கல்வெட்டே பேசுகிறது. மாணவனுக்குத் தினப்படி நெல். உயர்படிப்புப் படிக்கிறவனுக்குக் கூடுதல் நெல். தினமும் நெல் அளந்து கொடுத்தால் எவனுக்கு முடித்துவிட்டுப் போக மனசு வரும்? ஹாஸ்டலை விட்டுக் கிளம்பாத சீனியர் என்கிற உயிரினம் இங்கேதான் தோன்றியிருக்க வேண்டும். இதே வியாதி கடல் கடந்தும் இருந்தது. பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கு 1215-ல் போப்பின் தூதர் ஒருவர் விதி எழுதினார். கலைப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆறு வருஷப் படிப்பு வேண்டும். இறையியல் சொல்லிக்கொடுக்க எட்டு வருஷப் படிப்பும் 35 வயதும் வேண்டும். கடவுளைப் பற்றிப் பேச முப்பத்தைந்து வயதாக வேண்டுமாம். நம் குமரகுருபரருக்கு அங்கே எண்ட்ரன்ஸ் ஃபாரம்கூடக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் பக்கத்துப் புன்னைக்காயலில் இன்னொரு மாணவர் இருந்தார். தாமிரபரணி கடலில் விழுகிற இடம், முத்துக்குளித்துறைக் கடற்கரை. போர்த்துகீசியரான அண்டிரிக் அடிகளார் 1540-களில் இந்தக் கரைக்கு வந்தார். அவருக்கு முன்னால் வந்த பிரான்சிஸ் சவேரியார் ஜெபங்களைத் தமிழில் பெயர்க்க வைத்து, மனப்பாடம் பண்ணி ஒப்பித்தவர். நம் பொதுத்தேர்வு முறைக்கு ஆதிகுரு அவர்தான். அண்டிரிக் அப்படி விடவில்லை. இலக்கணத்தில் இறங்கினார். பரதவர் பேச்சைக் கேட்டுக் கேட்டு எழுதினார். 1578-ல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டார். 1586-ல் புன்னைக்காயலிலேயே அடியார் வரலாறு அச்சானது. 1600-ல் இறந்தார். ஐம்பது வருஷத்துக்கு மேல் தமிழ் படித்த மனுஷனுக்கு ஒருவரும் ஒரு சர்டிபிகேட் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் ‘அட்டெஸ்டட் காப்பி எங்கே?’ என்று யாராவது கேட்டிருப்பார்கள். அந்த மட்டுக்கும் தப்பித்தார்.

பட்டம் என்கிற காகிதம் இந்தக் கரைக்கு எட்ட இன்னும் இரண்டரை நூற்றாண்டு ஆனது. 1857 செப்டம்பர் 5-ல் சென்னைப் பல்கலைக்கழகம் சட்டப்படி பிறந்தது. வடக்கே சிப்பாய்கள் கும்பெனியைச் சுட்டுக்கொண்டிருந்த நேரம். கும்பெனியோ அதே வருஷத்தில் கல்கத்தா, பம்பாய், சென்னை என்று மூன்று பல்கலைக்கழகம் திறந்தது. கலகம் பண்ணுகிறவனைக் கட்டிப்போடப் பரீட்சையைவிட நல்ல ஆயுதம் இல்லை என்று யாரோ ஒரு புத்திசாலித் துரைக்குத் தோன்றியிருக்கும்.

கடை திறந்தாயிற்று, சரக்கு வேண்டுமே. 1858-ல் இரண்டு பேர் பி.ஏ. தேறினார்கள். பல்கலைக்கழகம் பிறந்து வருஷம் திரும்பவில்லை, அதற்குள் பட்டதாரிகள். ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை; மற்றவர் கறல் விசுவநாதபிள்ளை. இரண்டு பேரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அதாவது சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ.வைத் தட்டிக்கொண்டு போக ஆள் கடல் தாண்டி வந்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரன் அப்போதும் ‘போர்ஷன் முடியலே’ என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பான்.

இதில் ரசமான சங்கதி வேறு. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் நடத்திய செமினரியில் தாமோதரம்பிள்ளை படித்தவர். அங்கே ஆசிரியராக இருந்தவர் விசுவநாதபிள்ளை. வாத்தியாரும் பையனும் ஒரே பரீட்சைக்கு உட்கார்ந்தார்கள். பையன் முதலாவதாக வந்தான் என்பார்கள். அன்று சாயங்காலம் வாத்தியார் முகத்தை நினைத்துப் பாருங்கள். “நான் சொல்லிக்கொடுத்ததுதானே” என்று சொல்லவும் முடியாது, சொன்னால், “அப்புறம் நீங்கள் ஏன் அப்படி எழுதவில்லை?” என்று கேட்டுவிடுவான்.

ஆக, முதல் பி.ஏ.வுக்கு எத்தனை காலம் ஆயிற்று? பல்கலைக்கழகக் காலண்டரைப் பார்த்தால் சில மாதம். தாமோதரம்பிள்ளையின் வயதைப் பார்த்தால் கதை வேறு. 1832-ல் பிறந்தவர். வட்டுக்கோட்டையில் எட்டு வருஷம் படித்தார். சென்னைக்கு வந்து பெர்சிவல் பாதிரியாரின் தினவர்த்தமானி பத்திரிகையை நடத்தினார், வகுப்பெடுத்தார். படித்த செமினரியை 1855-ல் மூடியே விட்டார்கள். காலேஜ் செத்துப்போன பிறகு டிகிரி கிடைத்த மாணவர் அவர். அதற்குப் பிறகும் விடவில்லை, 1871-ல் பி.எல். வாங்கினார், புதுக்கோட்டையில் நீதிபதியானார், நடுவில் ஏடு தேடி அலைந்து தொல்காப்பியம், வீரசோழியம், கலித்தொகை என்று பதிப்பித்துத் தள்ளினார். பட்டம் வாங்கிய பிறகு படிக்கிற கெட்ட பழக்கம் அவரோடு நின்றுவிட்டது. நல்ல வேளை.

கல்கத்தாக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொண்டால் நமக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். அங்கேயும் 1858-ல் முதல் பி.ஏ. தேர்வு; தேறியவர்கள் இரண்டே பேர். பங்கிம் சந்திர சட்டர்ஜி, ஜதுநாத் போஸ். தேறியவர்கள் என்பதும் மரியாதைக்குச் சொல்வது. ஒரு பாடத்தில் இரண்டு பேருமே மயிரிழையில் கோட்டை விட்டார்கள். கிரேஸ் மார்க் போட்டுத் தூக்கிவிட்டார்கள். வந்தே மாதரம் எழுதியவரே மாடரேஷனில் பாஸானவர். அடுத்த தடவை வீட்டில் மார்க் ஷீட்டை வைத்துக்கொண்டு யாராவது சத்தம் போட்டால் எழுந்து நின்று வந்தே மாதரம் பாடலாம்.

மெட்ரிகுலேஷன், அப்புறம் இரண்டு வருஷம் எஃப்.ஏ., அப்புறம் இரண்டு வருஷம் பி.ஏ. என்று ஏணி போட்டார்கள். எஃப்.ஏ. என்கிற நடுப்படியில் வழுக்கி விழுந்தவர்களின் பட்டியல் பெரிது. அதில் முதல் பெயர் ராமானுஜன். 1904-ல் கும்பகோணம் காலேஜில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதையும் திரும்பிப் பார்க்கவில்லை, உதவித்தொகை போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார். அங்கே உடலியல் பாடம் அவரை ஒரு கை பார்த்தது. 1906-ல் ஃபெயில், 1907-ல் மறுபடி ஃபெயில். முடிவிலியைப் பிடித்துவிட்ட மனுஷனுக்கு முயலின் குடல் பிடிபடவில்லை. துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா வேலை, மாதம் முப்பது ரூபாய். பிறகு கேம்பிரிட்ஜ், 1916-ல் ஆராய்ச்சிக்காகப் பி.ஏ. கும்பகோணத்தில் கால் வைத்த நாளிலிருந்து பன்னிரண்டு வருஷம். நக்கீரர் கணக்குப்படி ஒரு வேதம் முடிகிற காலம். இரண்டு வருஷம் கழித்து ராயல் சொசைட்டி ஃபெல்லோ ஆக்கினார்கள், எஃப்.ஏ. அரியர் அப்படியே நிற்கிறது.

அதே கும்பகோணம் காலேஜில் 1880-லிருந்து தமிழ் சொல்லிக்கொடுத்த உ.வே.சா.வுக்கு எந்தப் பட்டமும் கிடையாது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆறு வருஷம் போலப் பாடம் கேட்டார். அவர் இறந்துபோனதோடு அந்தப் படிப்பு முடிந்தது. பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது 1932-ல். அப்போது அவருக்கு வயது 77. டிகிரி இல்லாதவர் டிகிரிக்குப் படிக்கிறவர்களுக்கு இருபத்து மூன்று வருஷம் அங்கே வகுப்பெடுத்திருக்கிறார். இன்றைக்கு யு.ஜி.சி. விதிப்படி அவருக்குக் கெஸ்ட் லெக்சரர் வேலையும் கிடைக்காது.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். ரயில் பாதை திருச்செந்தூருக்கு வந்தது 1923-ல். பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரி தொடங்கியதும் அதே 1923. வண்டியும் காலேஜும் ஒரே வருஷம் வந்ததால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள்: லேட்டாகப் போனால்தான் மரியாதை. தூத்துக்குடியில் 1948-ல் தூய மரியன்னை, 1951-ல் வ.உ.சி. என்று கல்லூரிகள் முளைத்தபோது ஆத்தூர், முக்காணி வழியாகப் பஸ்ஸில் போகலாம் என்றாயிற்று. கடைசியாக 1965-ல் காயாமொழி சி.பா. ஆதித்தனார் திருச்செந்தூரிலேயே கல்லூரி கட்டிவிட்டார். பரீட்சை முடிவைப் பேப்பரில் நம்பர் நம்பராகப் போட்ட தினத்தந்தி அவருடையது. எழுத வைப்பதும் அவர் காலேஜ், ரிசல்ட் போடுவதும் அவர் பேப்பர் என்றான பிறகு தப்பிக்க ஒரு வழிதான் மிச்சம்: “என் நம்பரை அச்சில் விட்டுட்டாங்க அப்பா.” இந்த ஒரு வாக்கியத்தால் ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம்.

அந்தக் கல்லூரி அசையாமல் அதே இடத்தில் நிற்க, பல்கலைக்கழகங்கள் அதைத் தேடி வந்துகொண்டிருந்தன. முதலில் சென்னை, 1966-ல் மதுரை, 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார். பையன் அரியரை முடிப்பதற்குள் பல்கலைக்கழகமே ஊர் மாறிவிடும்.

இனிமேல்தான் உண்மையான வேடிக்கை. அரசாங்கம் படிப்பை எத்தனை தடவை வெட்டி ஒட்டியிருக்கிறது என்று ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்கள். அந்தக் காலம்: பள்ளி 11, இண்டர்மீடியட் 2, டிகிரி 2. 1950-களின் நடுவில் பெரிய சீர்திருத்தம்: இண்டர்மீடியட்டை ஒழித்தார்கள். பள்ளி 11, பி.யூ.சி. 1, டிகிரி 3. 1978-ல் இன்னொரு பெரிய சீர்திருத்தம்: பி.யூ.சி.யை ஒழித்தார்கள். பள்ளி 10, மேல்நிலை 2, டிகிரி 3. கூட்டுங்கள். பதினைந்து. பதினைந்து. பதினைந்து. எத்தனை கமிஷன், எத்தனை துணைவேந்தர், எத்தனை சட்டமன்ற விவாதம், எத்தனை டீ, வடை. எல்லோரும் சேர்ந்து ஒரே தோசையை மூன்று விதமாகப் பிய்த்துத் தட்டில் வைத்திருக்கிறார்கள். நம்மாழ்வாரைவிட ஒரு வருஷம் குறைவு. அந்த ஒரு வருஷத்தை ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையும் அரியர் வைத்துச் சரிக்கட்டிவிடும்.

நடுவில் ஒரு பொற்காலமும் இருந்தது. திறந்தநிலைப் படிப்பு என்ற பெயரில், 21 வயது ஆகியிருந்தால் போதும், பி.ஏ. வாசலை மிதிக்காமலே எம்.ஏ. படிக்கலாம் என்று சில பல்கலைக்கழகங்கள் கதவைத் திறந்துவிட்டன. பி.ஏ.வுக்கு எத்தனை வருஷம் என்ற கேள்விக்கு ‘பூஜ்யம்’ என்ற விடை அப்போதுதான் சட்டப்படி கிடைத்தது. உப்பளத்தில் பாத்தி பார்த்துக்கொண்டிருந்தவர்கள், மளிகைக் கடையில் தராசு பிடித்தவர்கள் எல்லாம் பெயருக்குப் பின்னால் எம்.ஏ. போட்டார்கள். கல்யாணப் பத்திரிகைகள் களைகட்டின. 2009-ல் உச்ச நீதிமன்றம், அஸ்திவாரம் இல்லாமல் மாடி கட்டினால் செல்லாது என்கிற பொருளில் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. அதற்குள் பத்திரிகை அடித்து, கல்யாணம் முடிந்து, பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பில் இல்லை.

அரியர் என்கிற பரம்பரைச் சொத்து வேறு. எங்கள் பக்கம் நவம்பர் பரீட்சைக்கு ரயிலில் போகிறவன் ஜன்னலில் பார்ப்பது, வெள்ளையாகக் குவித்து மழைக்குப் பனையோலை வேய்ந்து மூடிய உப்பு அம்பாரங்கள். உப்பளத்துக்கு அதோடு சீசன் முடிந்தது; இவனுக்கு அப்போதுதான் தொடக்கம். மடியில் மூன்றாம் செமஸ்டர் அலைட் பேப்பருக்கான கைடு, அட்டை கிழிந்தது. முந்தின உரிமையாளர் நாலு பேரின் பெயர் உள்பக்கத்தில். அதில் ஒருவர் இவனுடைய சித்தப்பா. அவர் அடிக்கோடிட்ட பக்கங்களைத் தவிர மற்றதைப் படித்தால் பாஸாகலாம் என்பது குடும்ப அனுபவம்.

இப்படி இருந்த உலகத்தில் 2020 ஆகஸ்ட் 26-ல் வானத்திலிருந்து பூ விழுந்தது. கொரோனா நேரம். இறுதி செமஸ்டர் தவிர, ஃபீஸ் கட்டிய அரியர் பேப்பர்கள் எல்லாம் பாஸ் என்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். தெருத்தெருவாகப் பேனர். அரியர் வைத்தவர்களுக்கெல்லாம் அரசன் என்று முதலமைச்சரை வாழ்த்தினார்கள். வருஷக்கணக்காக மூன்று மார்க்கில் மல்லுக்கட்டியவன் ஒரே மத்தியானத்தில் பட்டதாரி ஆனான். ஒழுங்காக எழுதிப் பாஸான பிள்ளைகள்தான் ஏமாளிகளாக உட்கார்ந்திருந்தார்கள். அதைவிடப் பாவம், ‘இந்தத் தடவையும் எப்படியும் போகப்போகுது’ என்று ஃபீஸ் கட்டாமல் அந்தக் காசுக்குப் பரோட்டா சாப்பிட்டவன். ஏ.ஐ.சி.டி.இ. முறைத்தது, வழக்கு நடந்தது, 2021 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பரீட்சை வைத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டது. குமரகுருபரருக்குப் பிறகு ஒரே நாளில் படிப்பை முடித்தவர்கள் இவர்கள்தான். முருகன் கொடுத்ததை எந்தக் கோர்ட்டும் திரும்பக் கேட்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

இப்போது 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை வந்து, பட்டத்துக்கு நாலு வருஷம் என்கிறது. தமிழ்நாடு மூன்றே போதும் என்று மல்லுக்கு நிற்கிறது. கொள்கையில் இடைவாசல் வேறு வைத்திருக்கிறார்கள்: ஒரு வருஷத்தோடு நின்றால் சான்றிதழ், இரண்டு வருஷத்தோடு நின்றால் டிப்ளமோ, மூன்றில் டிகிரி, நாலில் ஹானர்ஸ். 2024 நவம்பரில் யு.ஜி.சி. இன்னும் ஒரு படி இறங்கி, கெட்டிக்காரன் சீக்கிரம் முடிக்கலாம், மெதுவாகப் படிக்கிறவன் நீட்டிக்கலாம் என்றது. பெரிய கண்டுபிடிப்பு என்று டெல்லியில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆறுமுகநேரியில் இந்த வாசல்கள் எல்லாம் ஆதியிலிருந்தே அகலத் திறந்து கிடக்கின்றன. முதல் வருஷத்தோடு நின்றவன் உப்பளத்தில் கணக்கெழுதப் போனான். இரண்டாம் வருஷத்தோடு நின்றவன் சென்னைக்கு ரயிலேறி மாமா மளிகைக் கடையில் நின்றான். மூன்று வருஷமும் இருந்து ஏழு அரியரோடு வெளியே வந்தவன் அந்த மாமா பெண்ணையே கட்டி, கடைக்கு முதலாளி ஆனான். நாலாவது ஆள் ஒழுங்காகப் படித்து, முதல் வகுப்பில் தேறி, லேமினேட் பண்ணிய மார்க் ஷீட்டோடு அதே கடைக்கு வேலை கேட்டு வந்து நிற்பான்.

“அரியர் எதுவும் இருக்கா டே?”

“இல்ல அண்ணாச்சி. எல்லாம் ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட்.”

“அட, ஒண்ணுகூட இல்லியா? பொறவு யேவாரம் எப்படிலே தெரியும்? சரி, ஆறு மாசம் உள்ள நின்னு பொட்டலம் மடிச்சுப் பழகு. பார்ப்போம்.”